வெய்ச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஒரே ஆட்டத்தைப் பற்றியவை: கோடு போட்ட பலகையில் இருவர் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இடம் வளைக்கும் ஆட்டம். சீனர்களுக்கு வெய்ச்சி, ஜப்பானியர்களுக்கு கோ, கொரியர்களுக்கு படுக், ஆட்டம் ஒன்றுதான். பள்ளியில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் வீட்டில் கேட்க, பெற்றோர்கள் எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். தனியாகக் கற்க முயலும் பெரியவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: மகன் சீனப்பள்ளியில் 3ஆம் ஆண்டு படிக்கிறான். நண்பர்கள் வெய்ச்சி ஆடுவதைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தெரிந்ததெல்லாம் சதுரங்கமும் தாயமும்தான். 19 கோடு போட்ட பெரிய பலகையை வாங்கிவிட்டோம். எங்கே கல் வைப்பது என்றே புரியவில்லை. எப்படித் தொடங்குவது?
*வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு*

பதில்: பெரிய பலகையை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். 9 கோட்டுப் பலகையில் தொடங்குங்கள். 19 கோட்டில் 361 சந்திகள். ஆட்டம் முடிய இருநூறு கல்லுக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும். தோற்றபின் எந்தக் கல்லால் தோற்றோம் என்று புதியவருக்குத் தெரியவே தெரியாது. 9 கோட்டில் 81 சந்திகள்தான். கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடியும், தப்பு எங்கே என்பது உடனே கண்ணில் படும். ஒரு மாலையில் நாலைந்து ஆட்டம் ஆடலாம். தொடக்கத்தில் கற்றுத்தருவது ஆட்டங்களின் எண்ணிக்கைதான்.

விதிகள் கொஞ்சம்தான். கல்லைக் கட்டத்துக்குள் வைக்காமல், கோடுகள் வெட்டும் சந்தியில் வைக்க வேண்டும். பலகையின் ஓரக் கோடும் மூலையும் சந்திகளே. கறுப்பு முதலில் வைக்கும், பிறகு மாறி மாறி. வைத்த கல் நகராது.

ஒரு கல்லிலிருந்து கோடு வழியாகத் தொடும் காலிச் சந்திகளே அதன் மூச்சு. பலகை நடுவில் உள்ள கல்லுக்கு 4 மூச்சு, ஓரத்தில் 3, மூலையில் 2. மூலைவாட்டில் உள்ள சந்தி மூச்சாகாது. சதுரங்கம் ஆடிப் பழகியவர்கள் முதல் வாரம் முழுக்க இதில்தான் தடுமாறுவார்கள். ஒரே நிறக் கற்கள் கோடு வழியாக ஒட்டி நின்றால் ஒரே கூட்டம், அவற்றின் மூச்சும் பொது. கடைசி மூச்சை எதிராளி அடைத்துவிட்டால் கூட்டம் மொத்தமும் பலகையை விட்டு வெளியே போகும். மூச்சே இல்லாத இடத்தில் உங்கள் கல்லை நீங்களே வைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கல்லை வைப்பதாலேயே எதிராளியின் கல் பிடிபடும் என்றால் தாராளமாக வைக்கலாம். பல வீடுகளில் இந்த விதிவிலக்கு விட்டுப்போகிறது. அது இல்லாவிட்டால் பிடிபட வேண்டிய கூட்டங்கள் பிடிபடாமலே நிற்கும்.

முதல் சில நாட்களுக்கு, முதலில் ஒரு கல்லைப் பிடிப்பவருக்கே வெற்றி என்று வைத்து ஆடுங்கள். எந்தக் கல்லுக்கு ஒரே ஒரு மூச்சுதான் மிச்சம் என்று நீங்கள் கேட்காமலே மகன் விரல் நீட்டிக் காட்டத் தொடங்கியதும் அதை நிறுத்திவிடுங்கள். நீட்டித்தால் கல் பிடிப்பதுதான் ஆட்டம் என்று மனத்தில் ஊறிவிடும். உண்மையான நோக்கம் இடம் வளைப்பது. ஆட்ட முடிவில் யாரிடம் அதிக இடமோ அவருக்கே வெற்றி.

அடுத்து இந்தக் கணக்கைக் கல் வைத்தே காட்டுங்கள். மூன்றுக்கு மூன்றாக 9 சந்திகளை வளைக்க வேண்டும். மூலையில் என்றால் 6 கல் போதும். ஓரத்தில் 9 கல், நடுவில் 12 கல். முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு என்று ஆடுவதற்கு இதுதான் காரணம். 9 கோட்டுப் பலகையில் மட்டும், அது சிறியது என்பதால், நட்டநடுச் சந்தியில் முதல் கல் வைப்பதும் நல்ல ஆட்டமே.

கேள்வி: சதுரங்கத்தில் நான் ஓரளவு தேர்ந்தவன். வெய்ச்சியில் சிறுவர்களிடம்கூடத் தோற்கிறேன். எதை மாற்ற வேண்டும்?
*வாசகர், செராஸ், கோலாலம்பூர்*

பதில்: சதுரங்கத்தில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு மதிப்பு உண்டு. இங்கே எல்லாக் கல்லும் ஒன்று, நிற்கும் இடம்தான் மதிப்பு. கல்லை எண்ணி யார் முன்னிலையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. கணினிகளும் இதில்தான் திணறின. சதுரங்கத்தில் டீப் புளூ என்ற கணினி 1997இல் உலக வாகையர் காஸ்பரோவை வென்றுவிட்டது. வெய்ச்சியில் ஆல்பாகோ என்ற கணினி நிரல் சியோலில் கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை 4–1 என்று வெல்ல 2016 மார்ச் ஆனது.

உங்களிடம் மூன்று பழக்கங்கள் இருக்கக்கூடும். ஒன்று, எதிராளி கல்லின் மேல் உடனே ஒட்டிப்போய் வைப்பது. சதுரங்கத்தில் அது தாக்குதல். இங்கே நீங்கள் ஒட்டினால் அவர் பதிலுக்கு ஒரு கல் நீட்டிப் பலமாகிவிடுவார், தனியாக நின்றுபோவது உங்கள் கல்தான். பலவீனமான கூட்டத்தைத் தாக்க வேண்டும் என்றால் ஒன்றிரண்டு சந்தி தள்ளி நின்று அதன் வழியை மறியுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு கல்லையும் காப்பாற்றத் துடிப்பது. ஒரு கல் பிடிபடும் நிலையில் இருந்தால், அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் எவ்வளவு பெரிய இடம் கிடைக்கும் என்று பாருங்கள். தேர்ந்தவர்கள் கற்களை விட்டுக்கொடுத்துக்கொண்டே ஜெயிப்பார்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கெடுக்கிறது: எதிராளி எங்கே வைத்தாலும் அங்கேயே பதில் வைப்பது. சதுரங்கத்தில் மிரட்டலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பதில் சொல்லத் தேவையே இல்லை. அவர் கல் வைத்ததும், ‘இதை நான் கண்டுகொள்ளாமல் விட்டால் எத்தனை சந்தி போகும்?’ என்று எண்ணுங்கள். வேறு இடத்தில் அதைவிடப் பெரிது இருந்தால் அங்கே போங்கள். உங்களைத் தோற்கடிக்கும் சிறுவர்கள் அநேகமாக இதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: ஆட்டம் முடிந்ததா இல்லையா என்பதிலேயே எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை. ‘என் எல்லைக்குள் இருக்கும் உன் கல் செத்துவிட்டது’ என்கிறான். ‘அப்படியென்றால் பிடித்துக் காட்டு’ என்கிறேன். ‘பிடிக்கக் கல் வைத்தால் என் இடம் குறையும்’ என்கிறான். யார் சொல்வது சரி?
*வாசகி, செந்தூல், கோலாலம்பூர்*

பதில்: எந்த முறையில் எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இருவருமே சரி. ஜப்பானிய முறையில் வளைத்த காலி இடத்தையும் பிடித்த கற்களையும் மட்டும் எண்ணுவார்கள். உங்கள் எல்லைக்குள் நீங்களே ஒரு கல் வைத்தால் ஒரு புள்ளி போகும். தம்பி அந்த முறையைப் படித்திருக்கிறார். சீன முறையில் வளைத்த காலி இடத்தோடு பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் கற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். காலிச் சந்தியில் கல் வைத்தால் காலி ஒன்று குறையும், கல் ஒன்று கூடும், நட்டமில்லை.

ஆகவே வீட்டில் கற்பவர்கள் சீன முறையையே பின்பற்றுங்கள் என்று உறுதியாகச் சொல்வோம். சந்தேகம் வந்தால் தொடர்ந்து ஆடிப் பிடித்துக் காட்டிவிடலாம். சண்டைக்கே இடமில்லை.

முடிக்கும் வரிசை இது. எல்லைகளில் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓரக் கோட்டில் ஒரு சந்தி திறந்து கிடப்பதுதான் வழக்கமான ஓட்டை, அது அடைபடாமல் எண்ணத் தொடங்கக் கூடாது. இருவருக்கும் சொந்தமில்லாமல் நடுவே கிடக்கும் சந்திகளையும் மாறி மாறி நிரப்புங்கள். இனி வைக்க ஒன்றுமில்லை என்றால் ‘பாஸ்’ சொல்லலாம். அடுத்தடுத்து இருவரும் பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது. பிறகு செத்த கற்களை, அதாவது இனி எப்படியும் பிடிபடத்தான் போகும் கற்களை, இருவரும் ஒப்புக்கொண்டு எடுக்க வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லையா, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடருங்கள்.

எண்ணும்போது ஒரு நிறத்தை மட்டும் எண்ணினால் போதும். மொத்தம் 81. கறுப்பு 41 என்றால் வெள்ளை 40, கறுப்புக்கு வெற்றி. இருவரையும் தனித்தனியாக எண்ணினால்தான் கூட்டல் பிசகும்.

இருவரும் சம பலம் என்று தெரிந்தபின், முதலில் ஆடும் கறுப்பின் சாதகத்துக்கு ஈடாக வெள்ளைக்கு கோமி என்ற கூடுதல் புள்ளி கொடுங்கள். வீட்டுக்கு, சிறு பலகையில் 5.5 போதும். கறுப்பு 43, வெள்ளை 38 என்று முடிந்தால் வெள்ளைக்கு 43.5 ஆகிறது, அரைப் புள்ளியில் வெள்ளை ஜெயிக்கிறது. அந்த அரை, ஆட்டம் சமமாக முடியாமல் இருப்பதற்காக. பெரிய பலகையில் சீன விதிப்படி கோமி 7.5.

கேள்வி: ‘இரண்டு கண் இருந்தால் கூட்டம் சாகாது’ என்று படித்தேன். என் கூட்டத்துக்குள் நான்கு சந்தி காலியாக இருந்தும் செத்துப்போனது. எப்படி?
*வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு*

பதில்: நான்கு சந்தியும் சதுரமாக, இரண்டுக்கு இரண்டாக இருந்திருக்கும்.

கண் என்பது உங்கள் கூட்டம் சுற்றி வளைத்த காலி இடம். தனித்தனியாக இரண்டு கண் இருந்தால், எதிராளி எதில் வைத்தாலும் அவர் கல்லுக்கு மூச்சு இருக்காது. ஒரே சமயத்தில் இரண்டிலும் வைக்கவும் முடியாது. அதனால்தான் அந்தக் கூட்டம் சாகாது. ஒரே பெரிய இடமாக இருந்தால், அதை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வெளியிலிருந்து முழுதாக வளைக்கப்பட்ட கூட்டம் என்று வைத்துக்கொண்டு வடிவங்களைப் பாருங்கள்.

இரண்டு சந்தி மட்டும் என்றால் பிரிக்க முடியாது, செத்ததுதான். மூன்று சந்தி, நேராக இருந்தாலும் வளைந்து இருந்தாலும், நடுச் சந்தியை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர் பக்கம் முடிவு. நேர் வரிசையில் நான்கு என்றால் கவலை வேண்டாம்: எதிராளி நடுவில் உள்ள இரண்டில் ஒன்றில் வைத்தால் நீங்கள் மற்றொன்றில் வைக்கிறீர்கள், உயிர் நிற்கும். வளைந்த நான்கும் அப்படியே, பலகையின் மூலையில் இல்லாத வரை. மூலையில் சில விதிவிலக்குகள் உண்டு. ஒன்றைச் சுற்றி மூன்று என்று நிற்கும் நான்கில் அந்த நடுச் சந்தி முடிவு செய்யும். சதுர நான்கு மட்டும், நீங்களே முதலில் ஆடினாலும் தப்பாது. ஒன்றில் நீங்கள் வைத்ததும் மிச்சம் வளைந்த மூன்று, அதன் நடுவில் அவர் வைத்துவிடுவார்.

ஐந்து சந்தியில் இரண்டு வடிவங்கள்தான் ஆபத்து. ஒன்று சிலுவை, நடுச் சந்தி முக்கியம். மற்றொன்று சதுர நான்கோடு இன்னொன்று ஒட்டியது. அது ஒட்டும் சந்திதான் உயிர்நிலை.

பொய்க் கண்ணையும் கவனியுங்கள். ஒரு சந்தியைச் சுற்றி நான்கு பக்கமும் உங்கள் கல் இருந்தாலும், அந்தக் கற்கள் ஒன்றோடொன்று இணையாமல் நின்றால் எதிராளி ஒரு பக்கத்தைப் பிடித்துவிடுவார், கண் போய்விடும். நடுப்பலகையில் ஒரு கண்ணின் நான்கு மூலைவாட்டுச் சந்திகளில் இரண்டை எதிராளி பிடித்திருந்தால் அது பொய்க் கண். ஓரத்திலும் மூலையிலும் ஒன்றே போதும்.

படித்து மனத்தில் நிற்காது. ஒவ்வொரு வடிவத்தையும் பலகையில் அடுக்கி, ஒரு தடவை நீங்கள் முதலில், அடுத்த தடவை எதிராளி முதலில் என்று கொன்று பாருங்கள்.

கேள்வி: பிடிபடப்போன ஒரே ஒரு கல்லைக் காப்பாற்ற ஓடினேன். ஓட ஓட அடைத்துக்கொண்டே வந்து மொத்தத்தையும் பிடித்துவிட்டார். என்ன நடந்தது?
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்*

பதில்: அதற்கு ஏணி என்று பெயர். 9 கோட்டுப் பலகையை எடுங்கள். முதல் எண் இடமிருந்து, இரண்டாம் எண் கீழிருந்து. வெள்ளைக் கல்லை 3-3இல் வையுங்கள். கறுப்பை 2-3, 3-2, 2-4 ஆகிய மூன்றிலும் வையுங்கள். இப்போது கறுப்பு 4-3இல் வைக்கிறது. வெள்ளைக்கு ஒரே மூச்சு. வெள்ளை 3-4க்கு ஓடுகிறது. கறுப்பு 3-5. வெள்ளை 4-4. கறுப்பு 5-4. வெள்ளை 4-5. கறுப்பு 4-6. வெள்ளை 5-5. படிப்படியாக மேல் வலது மூலையை நோக்கி இப்படியே போகும். ஒவ்வொரு முறையும் வெள்ளைக்கு இரண்டு மூச்சு வரும், கறுப்பு அதில் ஒன்றை அடைக்கும். கடைசியில் வெள்ளை 8-9இல் முட்டி நிற்கும், கறுப்பு 9-9இல் வைக்கும். 12 வெள்ளைக் கற்கள் ஒரே கையில் வெளியே போகும். ஒரு கல்லை விட்டிருந்தால் ஒரு கல்தான் நட்டம்.

ஆனால் ஏணியின் வழியில், உதாரணமாக 7-7இல், முன்பே ஒரு வெள்ளைக் கல் இருந்தால் கதை தலைகீழாகும். ஓடிவரும் வெள்ளை 6-7இல் அதோடு சேர்ந்ததும் மூன்று மூச்சு வந்துவிடும். துரத்தி வந்த கறுப்புக் கற்கள் வழியெங்கும் துண்டு துண்டாகக் கிடக்கும், வெள்ளை ஒன்றே வைத்து இரண்டை மிரட்டும். ஆக, ஓடுவதற்கு முன்னாலும் துரத்துவதற்கு முன்னாலும் மூலைவாட்டில் எதிர் மூலை வரை விரலை ஓட்டிப் பாருங்கள். வழியில் கல் உண்டா இல்லையா என்பதுதான் முடிவு.

கேள்வி: நான் ஒரு கல்லைப் பிடித்தேன், அவள் உடனே என் கல்லைப் பிடித்தாள், மறுபடி நான். இப்படியே போகிறதே?
*வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு*

பதில்: இதற்குத் தனி விதியே உண்டு, அதன் பெயரும் கோ (ஆட்டத்தின் ஜப்பானியப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). பலகை முன்பிருந்த அதே நிலைக்குத் திரும்பும்படி உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது. வேறு எங்காவது ஒரு கல் வைத்துவிட்டு, அதற்கு அவர் பதில் சொன்னபின் திருப்பிப் பிடிக்கலாம். அந்த ‘வேறு எங்காவது’ அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய மிரட்டலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கண்டுகொள்ளாமல் கோவை அடைத்து முடித்துவிடுவார்.

கேள்வி: கோப்பிக்கடையில் சீனத் தாத்தாக்கள் வட்ட வில்லைகளை வைத்து ஆடுவது இதுதானா?
*வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு*

பதில்: இல்லை. அது சீனச் சதுரங்கம், ச்சியாங்ச்சி. வில்லைகளில் எழுத்து இருக்கும், பலகையின் நடுவே ‘ஆறு’ (நதி) என்ற இடைவெளி ஓடும், பக்கத்துக்கு 16 காய். அதுவும் அருமையான ஆட்டம். இன்னோர் இதழில் எழுதுவோம்.

கேள்வி: என்ன வாங்க வேண்டும்? செலவில்லாமல் தொடங்க வழி உண்டா?
*வாசகி, கெப்போங், கோலாலம்பூர்*

பதில்: உண்டு. தடித்த அட்டையில் 2.4 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக 9 கோடுகள் போடுங்கள். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை 19.2 செ.மீ. வரும். நான்கு பக்கமும் 1.5 செ.மீ. விளிம்பு விடுங்கள், ஓரக் கல் விழாமல் இருக்கும். கல்லுக்குச் சில்லறைக் காசு போதும். மஞ்சள் நிற 20 சென் 41, வெள்ளி நிற 10 சென் 40. மொத்தம் 12 ரிங்கிட் 20 சென், ஆடி முடித்தபின் செலவழித்துக்கொள்ளலாம். 50 சென் வேண்டாம், விட்டம் பெரிது, அடுத்தடுத்த சந்திகளில் நெருக்கும். மஞ்சள் விளக்கில் இரண்டு நிறமும் மயங்கும், வெள்ளை வெளிச்சத்தில் ஆடுங்கள்.

கடையில் வாங்கினால் முதலில் பலகையின் கோட்டை எண்ணுங்கள். ஐந்து கல்லை வரிசையாக அடுக்கும் வேறோர் ஆட்டத்துக்கு 15 கோட்டுப் பலகை விற்கிறார்கள். கல் அதே கறுப்பு வெள்ளைதான், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 19 கோட்டு முழு செட்டில் கறுப்பு 181, வெள்ளை 180 இருக்க வேண்டும். கல்லில் இரண்டு வகை. ஒரு பக்கம் தட்டையானது பலகையில் ஆடாமல் நிற்கும், பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. இரண்டு பக்கமும் உப்பியது தொட்டால் சுழலும். காந்தக் கல் செட் பயணத்துக்குச் சரி. ஆனால் சிறிய கல்லை விரலால் எடுக்கச் சிரமம், பக்கத்துக் கல்லும் நகர்ந்துவிடும்.

கேள்வி: அப்பாவும் மகளும் ஆடுகிறோம். எப்போதும் நானே ஜெயிப்பதால் அவளுக்குச் சலித்துவிட்டது. விட்டுக்கொடுத்து ஆடலாமா?
*வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு*

பதில்: விட்டுக்கொடுக்காதீர்கள், முன்கல் கொடுங்கள். மகள் கறுப்பு. ஆட்டம் தொடங்கும் முன்பே அவளுடைய இரண்டு கற்கள் எதிரெதிர் மூலைகளில் 3-3, 7-7 சந்திகளில் நிற்கட்டும். பிறகு முதல் ஆட்டம் உங்களுடையது, கோமி கிடையாது. போதவில்லை என்றால் மூன்று, நான்கு என்று மற்ற மூலைகளுக்கும் கொடுங்கள். யாராவது தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால் ஒரு கல் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். பெரிய பலகையில் இப்படி 9 கல் வரை கொடுப்பது வழக்கம். நீங்கள் முழுப் பலத்தோடு ஆடலாம், அவளும் நேர்மையாக ஜெயிக்கலாம்.

முன்கல் இல்லாமல் இருவரும் சமமாக ஆடத் தொடங்கியதும் 13 கோட்டுப் பலகைக்குப் போங்கள். 19 கோட்டுப் பலகையின் மேல் இரண்டு துண்டு அட்டையை வைத்து மறைத்தாலே 13 கோடு கிடைத்துவிடும். அங்கே நடுவிலேயே தொடங்காமல், மூலையிலிருந்து மூன்றாவது, நான்காவது கோடுகளில் முதல் கற்களை வைக்கப் பழகுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நாளில் ஆன்லைன் கோ சர்வர் என்ற இணையத்தளத்தில் 9, 13, 19 மூன்று பலகைகளிலும் இலவசமாக ஆடலாம். ஆடி முடித்த ஆட்டத்தை அங்கேயே முதலிலிருந்து நகர்த்திப் பார்க்கவும் முடியும். தோற்ற ஆட்டத்தை அன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.